டிரையத்லான் பயிற்சியும் விடாத வலிகளும்: பிசியோவிடம் போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் சிலர் சேர்ந்து, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி செய்கிறோம். சனிக்கிழமை விடியுமுன் ஈ.சி.ஆரில் சைக்கிள், ஞாயிறு பெசன்ட் நகரில் ஓட்டம், வார நாட்களில் நீச்சல் குளம். கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டி (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) நெருங்கும்போது, ஓட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் யாராவது ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒரு சின்ன வலி..." என்று ஆரம்பிப்பார். ஆள் மாறுவார், கேள்வி மாறாது. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) வலியோடு ஒரு வருடத்துக்கு மேல் போராடி, நல்ல பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) ஒருவரிடம் கற்றுக்கொண்டு மீண்டும் ஓடுகிறவன்.

"லேசான வலிதான் அண்ணா. கொஞ்சம் ஓடினா போயிடுது. இதுக்கெல்லாம் பிசியோகிட்ட போகணுமா?"

பயிற்சி செய்கிறவருக்கு வலி சகஜம். தூரத்தைக் கூட்டிய வாரம் தொடை பிடித்துக்கொள்ளும், இரண்டு நாளில் தானாகப் போகும். அதற்கு யாரிடமும் போக வேண்டாம். ஒரே இடத்து வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் போங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கிலோமீட்டரில் தொடங்கினாலும், அந்த வலிக்குப் பயந்து நீங்கள் காலை ஊன்றும் விதம் மாறினாலும் போங்கள்.

"கொஞ்சம் ஓடினா போயிடுது" என்பதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். தசைநாண் வலி அப்படித்தான் ஆரம்பிக்கும். காலையில் எழும்போது குதிகாலுக்கு மேலே இறுக்கம், முதல் கிலோமீட்டரில் குத்தல், உடம்பு சூடானதும் மறைந்துவிடும். ஏழு மாதம் இப்படியே ஓட்டினேன். பிறகு ஒருநாள் உடம்பு சூடான பிறகும் வலி போகவில்லை. முதல் மாதத்திலேயே போயிருந்தால் இவ்வளவு காலம் இழுத்திருக்காது.

"பிசியோன்னா பக்கவாதம் வந்தவங்களுக்கும் வயசானவங்களுக்கும்தானே?"

நம் ஊரில் அவர்களைத்தான் அங்கே அதிகம் பார்க்கிறோம், அதனால் வரும் எண்ணம் இது. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவதும் நடக்க முடியாதவர்களுக்காகத்தான். ஆனால் விளையாட்டுக் காயங்கள் அந்தப் படிப்பிலேயே ஒரு தனிப் பிரிவு. பி.பி.டி. என்ற பிசியோ பட்டப்படிப்பை முடித்த பிறகு, எம்.பி.டி. என்ற மேற்படிப்பில் அதை எடுத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள். "ஓடுகிறவர்களை, நீந்துகிறவர்களைப் பார்ப்பீர்களா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். தானும் ஓடுகிற பிசியோ கிடைத்தால் இன்னும் நல்லது.

"முதல்ல எலும்பு டாக்டர்கிட்ட போகணுமா, நேரா பிசியோகிட்ட போகலாமா?"

மெல்ல மெல்லக் கூடிய வலி என்றால் நேராகப் பிசியோவிடம் போகலாம். சந்தேகம் வந்தால் அவரே மருத்துவரிடம் அனுப்புவார்.

சிலவற்றுக்கு மட்டும் மருத்துவர்தான் முதலில். விழுந்தோ மடங்கியோ அடிபட்டு காலை ஊன்றவே முடியாவிட்டால், "படக்" என்ற சத்தத்தோடு குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தது போல உணர்ந்தால், மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சலோடு வலி வந்தால், கால் மரத்துப்போய் பலம் குறைந்தால், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. நீண்ட பஸ் அல்லது விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்காதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டே போயிட்டா தெளிவா தெரிஞ்சிடுமே?"

பெரும்பாலும் குழப்பம்தான் கூடும். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகுத்தண்டு வட்டில் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. "தேய்மானம்" என்று எழுதியிருக்கும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை.

எலும்பில் கீறல் என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். மற்றபடி, சோதித்துப் பார்த்தவர் கேட்டால் எடுங்கள்.

"முதல் நாள் என்ன செய்வாங்க? நான் என்ன கொண்டு போகணும்?"

ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். ஜீன்ஸோடு போய் முட்டியைக் காட்ட முடியாமல் திரும்பியவர்கள் உண்டு. ஓடித் தேய்ந்த பழைய ஷூவை எடுத்துப்போங்கள். கடைசி இரண்டு மாதப் பயிற்சிக் கணக்கும் வேண்டும். வாட்ச் ஆப்பில் இருந்தால் போதும். சைக்கிள் ஓட்டும்போதும் ஓடும்போதும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த சின்ன வீடியோ இருந்தால் மிக நல்லது. போட்டித் தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.

நல்ல பிசியோ முதலில் நிறையக் கேட்பார். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் என்ன மாற்றினீர்கள், எவ்வளவு தூங்குகிறீர்கள் என்றெல்லாம். பிறகு ஒற்றைக் காலில் நிற்க, உட்கார்ந்து எழ, குதிகாலைத் தூக்க, குதிக்கச் சொல்வார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். என் நல்ல காலில் 27 முறை குதிகாலைத் தூக்க முடிந்தது. வலிக்கிற காலில் பதினொன்றோடு நின்றுவிட்டது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"எங்க ஏரியாவுல பத்து நாள் கரண்ட் வெச்சாங்க. வலி குறைஞ்சுது, திரும்ப வந்துடுச்சு. பிசியோவே வேஸ்ட்டா?"

அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எனக்கும் இதுதான் நடந்தது. முதலில் போன இடத்தில் பத்து நாளும் படுக்க வைத்து, கரண்ட் வைத்து, ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் கூட என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மை. பத்து நாள் ஓடாமல் இருந்தாலே அவ்வளவு குறையும். முதல் ஓட்டத்திலேயே திரும்ப வந்துவிட்டது.

காரணம் எளிமையானது. விடாத வலிகளில் பெரும்பாலானவை, உடம்பின் ஒரு பகுதி தாங்கக்கூடிய சுமையைவிட நாம் அதிகம் ஏற்றியதால் வருகின்றன. மெஷின் வலியைச் சிறிது நேரம் அடக்கும். அந்தப் பகுதியின் தாங்கும் சக்தியைக் கூட்டாது. தசையும் நாணும் எலும்பும் சுமையைத் தூக்கித்தான் பலப்படும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அதனால் பிசியோ என்றால் என்னைப் பொறுத்தவரை மூன்று வேலை: எங்கே பலம் குறைவு என்று கண்டுபிடிப்பது, அதற்கு ஏற்ற பயிற்சி கொடுப்பது, உங்கள் வாரப் பயிற்சியில் எதைக் குறைத்து எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது. மெஷினோடு இவையும் நடந்தால் சரி. மூன்றாவது தடவையும் மெஷின் மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து சுளுக்கு எடுக்கிறவர்கிட்டதான் போவோம். புத்தூர் கட்டு போட்டா சரியாகாதா?"

பெரியவர்கள் மேல் உள்ள நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் இறுக்கம் தளரும், சுகமாக இருக்கும். ஆனால் அழற்சியில் இருக்கும் நாணை விரலால் அழுத்தி இழுத்தால் மோசமாகும். எலும்பில் கீறல் இருந்தால் ஆபத்து. கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் மேலே சொன்ன தாங்கும் சக்தி இன்னும் குறையும். நீவுவதாக இருந்தால் தசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாண், மூட்டு, எலும்பு பக்கம் வேண்டாம்.

"போனா ஓடாதேன்னு சொல்லிடுவாங்க. அதுக்குப் பயந்துதான் போகல."

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. இங்கேதான் மற்ற ஓட்டக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. நம் கையில் மூன்று விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்றைக் குறைத்தாலும் மற்ற இரண்டில் மூச்சையும் இதயத்தையும் பழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குதிகால் நாண் வலி என்றால் நீச்சல் தாராளமாகச் செய்யலாம். சுவரை உதைத்துத் திரும்பும்போது மட்டும் மெதுவாகத் திரும்புங்கள். சைக்கிளும் பெரும்பாலும் முடியும். ஷூவின் அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளீட்டைக் கொஞ்சம் குதிகால் பக்கமாக நகர்த்தினால் நாணுக்கு வேலை குறையும். முட்டி வலி என்றால் கால்களுக்கு இடையில் 'புல் பாய்' (pull buoy) என்ற மிதவையை வைத்துக் கைகளால் நீந்தலாம். தவளை நீச்சலின் உதை முட்டியின் உள்பக்கத்தை இழுக்கும், அதை விட்டுவிடுங்கள். தோள் வலிக்காரர்களுக்குச் சைக்கிளும் ஓட்டமும் இருக்கின்றன. கால் தரையைத் தொடாத ஆழத்தில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுவதும் நல்ல மாற்று. அலுப்பாக இருக்கும், ஆனால் அதிர்வு இல்லாமல் ஓட்டத்தின் அசைவு கிடைக்கும்.

முழு ஓய்வை நல்ல பிசியோ அரிதாகத்தான் சொல்வார். நாண் வலியில் வெறும் ஓய்வு எடுத்தால் நாணும் பலம் இழக்கும். திரும்பி வரும்போது பழைய தூரம்கூட அதற்கு அதிகச் சுமைதான்.

"அப்போ வலியோட ஓடலாமா? எவ்வளவு வலி வரைக்கும்?"

பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு ஒரு எண் கொடுங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. ஓடும்போது மூன்றுக்குள் இருந்தால் தொடரலாம். நாண் வலிக்கு ஐந்து வரை அனுமதிக்கிற பிசியோக்களும் உண்டு, அதை அவரே முடிவு செய்யட்டும்.

முக்கியமான சோதனை மறுநாள் காலையில். எழுந்ததும் முதல் பத்து அடி எப்படி இருக்கிறது? நேற்றுக் காலை போலவே இருந்தால் நேற்றைய பயிற்சி சரியான அளவு. கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது, அடுத்த முறை குறைக்க வேண்டும். நான் இன்றுவரை இதை நோட்டில் எழுதுகிறேன், ஒரு நாளுக்கு ஒரு எண். இந்தக் கணக்கு எலும்பு வலிக்குப் பொருந்தாது.

"காலையில முதல் அடி வெச்சதும் குதிகால் வலிக்குது. உங்களுக்கு வந்த அதே வலிதானா?"

விரலால் தொட்டுப் பாருங்கள். குதிகாலின் அடிப்பக்கம், உள்ளங்கால் பக்கமாக வலித்தால் அது பாதத்தின் அடிச்சவ்வில் (plantar fascia) வரும் வலி. குதிகால் எலும்புக்கு இரண்டு, மூன்று விரல்கடை மேலே நாணில் வலித்தால் எனக்கு வந்தது. நாண் எலும்போடு சேரும் இடத்திலேயே வலித்தால் மூன்றாவது வகை.

நாணின் நடுப்பகுதி வலிக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் 1998இல் வெளியிட்ட முறை புகழ்பெற்றது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குவது. முட்டியை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 பேரிடம் அவர் இதைச் செய்து பார்த்தார். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் நாண் வலிக்கு ஓய்வு என்ற எண்ணத்தையே அது மாற்றியது. பிறகு 2015இல் டென்மார்க்கில், வாரம் மூன்று நாள் மட்டும் அதிக எடையோடு மெதுவாகச் செய்தாலும் ஏறக்குறைய அதே பலன் என்று கண்டார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது முறைதான் நடக்கும்.

மூன்றாவது வகைக்கு குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையோடு நிறுத்த வேண்டும். கீழே இறக்கினால் நாண் எலும்பில் அழுந்தும். பாதத்தின் அடிச்சவ்வு வலிக்கு, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, ஒருநாள் விட்டு ஒருநாள். எது உங்களுடையது என்று பிசியோ உறுதி செய்த பிறகு ஆரம்பியுங்கள்.

"முட்டி வலி சைக்கிள்னால வருதா, ஓட்டத்தினாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு வாரம் ஒன்றை மட்டும் குறைத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துக் குறைத்தால் எதுவும் தெரியாது.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சைக்கிள் சீட்டைப் பாருங்கள், தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் உயரம் அதிகம். பெடல் கீழே இருக்கும்போது முட்டி சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். கடன் வாங்கிய சைக்கிளில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டத்தில் வருகிறது என்றால், வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 160 அடி வைப்பவர் 168 வைக்கலாம். அடி குறுகும், முட்டிக்கு வரும் சுமை குறையும். கூடவே தொடைக்கும் இடுப்புக்கும் பலப் பயிற்சி. "முட்டி வலிக்குது, இடுப்புக்கு ஏன் பயிற்சி?" என்று கேட்பார்கள். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அதை நேராகப் பிடித்து வைப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள்தான்.

"நீந்தும்போது தோள் குத்துது."

பேடில் (கையில் மாட்டி நீந்தும் தட்டு) போடுவதை உடனே நிறுத்துங்கள். கை தண்ணீரில் நுழையும்போது தலைக்கு நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காலை மட்டும் உதைத்து நீந்தப் பிடித்துக்கொள்ளும் கிக் போர்டு பலகையைக் கைநீட்டிப் பிடிப்பதும் வலியைக் கூட்டும். தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சிகளைப் பிசியோ சொல்லித் தருவார்.

"ஏற்கெனவே வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சி. இந்த பிசியோ பயிற்சியையும் எங்கே செருகறது?"

பத்து மணி நேரத்துக்குள்ளேயே செருக வேண்டும், மேலே சேர்க்கக் கூடாது. சும்மா சேர்த்துவைத்திருக்கும் ஒரு எளிதான ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கொடுங்கள். கனமான பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். கடும் சுமைக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் நாணில் கட்டுமானத்தைவிடச் சிதைவு அதிகமாக நடக்கும், அதன் பிறகுதான் கட்டுமானம் முந்தும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் கெண்டைக்காலுக்குக் கனமாகச் செய்ய வேண்டாம்.

"செலவு எவ்வளவு ஆகும்?"

இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேளுங்கள். பயிற்சி சார்ந்த சிகிச்சைக்குத் தினமும் போக வேண்டியதில்லை. நான் முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனேன். மற்றதெல்லாம் வீட்டுப் படிக்கட்டில், முதுகில் அரிசி போட்ட பையோடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோ பிரிவு உண்டு, காத்திருக்க நேரம் இருந்தால் போதும்.

"கணைக்கால் எலும்புல ஒரே இடத்துல விரல் வெச்சு அழுத்துனா உயிர் போகுது. ஓடி ஓடிச் சரியாகிடுமா?"

இல்லை. இதற்கு மட்டும் மேலே சொன்ன எண் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். எலும்பு நெடுக்கப் பரவலாக வலிப்பது வேறு. ஒரு விரல் அகலத்தில் வலிப்பது, ஓட ஓடக் கூடுவது, ஓய்விலும் இரவிலும் வலிப்பது எலும்பில் கீறலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் எக்ஸ்ரே நார்மல் என்று ஓட ஆரம்பிக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவும் இடம் இது. இடுப்பு மடிப்பில் ஆழமாக வரும் வலியையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

இரண்டாவது முறை எலும்புக் கீறல் வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாவிட்டால் உடம்பு எலும்பைக் கட்டுவதைக் குறைத்துவிடும். நம் குழுவில் உள்ள பெண்களுக்கு: மாதவிலக்கு நின்றுபோனாலோ தள்ளித் தள்ளி வந்தாலோ "பயிற்சி செய்தா அப்படித்தான்" என்று விடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"ஒரு வலி மாத்திரை போட்டுட்டு ரேஸ் ஓடிடலாம்ல? இல்லேன்னா ஊசி?"

வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபேன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் மணிக்கணக்காக வியர்த்து நீர் வற்றியிருக்கும் உடம்பில் அது ஆபத்து. வலி என்ற எச்சரிக்கையும் காதில் விழாமல் போகும். குதிகால் நாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் அபாயம் கூடும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் ஊரில் சாதாரணமாகத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளும் நாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகச் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போட வைத்தது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவர் எழுதினால், "எனக்கு நாண் வலி இருக்கிறது, ஓடுகிறேன்" என்று சொல்லி வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள்.

"எட்டு வாரத்துல வலி போயிடுச்சு. பயிற்சியை நிறுத்திடலாமா?"

வலி முதலில் போகும், பலம் பிறகுதான் வரும். வலிக்கிற காலில் குதிகால் தூக்கும் எண்ணிக்கை மற்ற காலுக்குச் சமமாகும்வரை விடாதீர்கள். அதன் பிறகும் போட்டிப் பருவம் முழுக்க வாரம் இருமுறை. இரண்டு தடவை நான் நிறுத்திப் பார்த்தேன், இரண்டு தடவையும் சில வாரங்களில் காலையில் எழும்போது வரும் அந்த இறுக்கம் திரும்பியது.

"ரேஸுக்கு ஆறு வாரம்தான் இருக்கு, இப்பதான் பிசியோகிட்ட போறேன். போகலாமா, விட்டுடலாமா?"

எலும்பு என்றால் விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு மூன்று வாரம் கழித்து முடிவெடுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, வலிக்கிற காலில் இருபது தடவையாவது குதிகாலைத் தூக்க முடிகிறதா, ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து ஐந்து கிலோமீட்டர் போன மறுநாள் காலை நிலைமை மாறாமல் இருக்கிறதா? மூன்றும் ஆமாம் என்றால் நேர இலக்கை விட்டுவிட்டு, ஓடி நடந்து முடிக்கும் திட்டத்தோடு போகலாம். இல்லை என்றால், அதே போட்டியில் குறைந்த தூரப் பிரிவு இருக்கிறதா, அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

எனக்கு அந்த வருடம் மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்ற விடைதான் வந்தது. பிசியோவும் நானும் பேசி வைத்தபடி, நீச்சலையும் சைக்கிளையும் முடித்துவிட்டு, ஓட ஆரம்பிக்கும் இடத்தில் காலில் கட்டியிருந்த, நேரத்தைக் கணக்கிடும் சிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கூட வந்தவர்கள் ஓடுவதை ஓரமாக நின்று பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை முதல் பத்து அடிக்கு நோட்டில் எழுதிய எண் ஒன்று.